பஸ்ஸர் அடித்ததும் எழும்பிய கைகள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எங்கே பெரிய ‘ற’ போடுவது, எங்கே சின்ன ‘ர’ போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. பேனா வழுக்கும். கண்ணும் மங்கிவிட்டது, அதனால்தான் ஐம்பத்து மூன்று வயதிலேயே வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அச்சுக்கோக்கிறவர்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதை எழுதச் சொன்னது ஜெயந்தி. இப்போது ஒரு கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிறது. உளவியல் என்று எழுத வேண்டுமாம், எனக்குப் பழைய வார்த்தைதான் வாயில் வருகிறது. “வகுப்புக்கு வெளியே இந்தப் படிப்புக்கு என்ன வேலை இருக்கிறது என்று எங்கள் மாணவர்கள் கேட்கிறார்கள் அண்ணே. அந்த ஆறு வாரத்தைப் பற்றி நீங்கள் எழுதிக் கொடுங்கள், எங்கள் மாணவர் மலரில் போடுகிறோம்” என்று கடிதம் வந்தது. ஐந்து மாதம் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன், நானூறு பேர் படிக்கிற மலருக்கு என்ன எழுதுவது? ஆனால் அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் திருவதிகை. இருபத்து மூன்று வயதில் நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் வேலைக்கு வந்தேன். பெரிய சக்கர இயந்திரம் வெட்டித் தள்ளுகிற மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்துகொண்டு ஓடும் ரப்பர் பெல்ட். அடியில் சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி மேலே போடுவது என் வேலை. ஒன்பதாவது வருஷம், நின்றிருந்த பெல்ட் திடீரென்று கிளம்பியது. உருளையில் கை மாட்டிக்கொண்டது. கை ஆறி வந்து, அதே பெல்ட்டில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு பாவம் பார்த்து இலகுவான வேலை கொடுத்தார்கள். பயிற்சிக் கூடத்தில் ஆள் பொறுக்கும் பரிசோதனை அறைக்கு அட்டெண்டர்.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பெரிய இயந்திரங்களை ஓட்டவும், பெல்ட்டை இயக்கும் இடத்தில் உட்காரவும் ஆள் எடுப்பதற்கு முன்னால் சில பரிசோதனைகள் உண்டு. மரக்கட்டைகளைச் சரியான குழியில் பொருத்துவது, இரண்டு கோல்களில் எது அருகில் என்று சொல்வது, இப்படி. எல்லாவற்றிலும் முக்கியமானது கை வேகம் பார்க்கிற பெட்டி. மேஜைமேல் கறுப்புப் பெட்டி, அதன் முகத்தில் ஒரு பல்பு, பல்புக்குக் கீழே பித்தளைப் பொத்தான். ஆள் வந்து உட்கார்ந்து பொத்தான்மேல் விரலை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் பஸ்ஸர் அடிக்கும். தயாராக இரு என்று அர்த்தம். ஒன்று இரண்டு எண்ணுவதற்குள் பல்பு எரியும். எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்துத் தடவை.

பெட்டியிலிருந்து ஒரு ஒயர் போகும். அறையின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தட்டி. அதற்கு அந்தப் பக்கம் முள் வைத்த கடிகாரம், அதன் முன்னால் ராமநாதன் சார். அவருக்கு ஆள் தெரியாது, முள்தான் தெரியும். ஆளைப் பார்த்தால் மனம் சாய்ந்துவிடும் என்பார். இந்தப் பக்கம் ஆளும் நானும். எனக்கு முள் தெரியாது.

ராமநாதன் சார் அதிர்ந்து பேச மாட்டார். மேஸ்திரி முதல் எடுபிடி வரை எல்லோருக்கும் “நீங்க”தான். காலை எட்டு மணிக்கு நின்றபடியே நிறுத்துக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். ஆறு பென்சில், ஆறும் ஒரே நீளத்தில் சீவியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஆள் எழுந்த பிறகும் நான் பொத்தானை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். வந்த முதல் நாளே சொல்லிவிட்டார்: “ஏழுமலை, உள்ளே வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. அச்சடிச்ச அட்டையை நீட்டுங்க, படிக்கத் தெரியாதவங்களுக்கு சைகையில காட்டுங்க. நீங்க ஏதாவது சொன்னா, அது அவங்க கணக்குல சேந்துடும்.”

எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது. பேசக் கூடாது என்று சம்பளம் கொடுக்கிறார்கள்!

ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்துவிடும். தேறினால் சார் ஒரு சின்னக் கோடு போடுவார். ‘சர்க்’. தேறாவிட்டால் காரணம் எழுத வேண்டும், பென்சில் வரி வரியாக ஊர்ந்துகொண்டே போகும். தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டே யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லிவிடுவேன். பெல்ட் ஆட்கள் வந்தால் பெரும்பாலும் பென்சில் ஊரும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. ஜெயந்தியும் ஹபீபும் பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு வாரப் பயிற்சிக்கு வந்தார்கள். ஜெயந்தி கும்பகோணம் பக்கம். ஹபீப் பண்ருட்டி, அப்பாவுக்குப் பலாப்பழ மண்டி. இரண்டு பேரையும் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, பழைய பதிவேடுகளிலிருந்து எண்களைப் பெயர்த்தெழுதச் சொன்னார் சார். இரண்டு வாரம் அதுதான் வேலை.

“அண்ணே, வகுப்புல எலியைப் பத்திப் படிச்சோம்” என்றான் ஹபீப். “இங்க மனுஷனைப் பாக்கலாம்னு வந்தா, முள்ளைத்தான் பாக்குறோம். எலியாவது கண்ணுக்குத் தெரிஞ்சிது.”

மூன்றாவது வாரம் சிங்காரவேலு வந்தார். கம்மாபுரம் பக்கத்து ஆள். நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது. பத்து வருஷமாக பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. நிலம் கொடுத்தவர்களில் சிலரை பெல்ட் இயக்குகிற வேலைக்கு பெர்மனென்ட் ஆக்குவதாக ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள், அதில் அவர் பெயரும் இருந்தது. இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். இது முதல் வாய்ப்பு.

பத்துத் தடவை பஸ்ஸர் அடித்தது. பத்துத் தடவை பல்பு எரிந்தது. அந்தப் பக்கம் பென்சில் ஊர ஆரம்பித்தது. ஊர்ந்துகொண்டே இருந்தது. நான் தலையைக் குனிந்து பஞ்சை எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் கேண்டீனில் நானும் ஹபீபும் ஜெயந்தியும் உட்கார்ந்திருந்தோம். சிங்காரவேலு நேராக வந்து ஹபீபின் எதிரில் நின்றார்.

“தம்பி, நீதானே அந்தத் தட்டிக்குப் பின்னால ஒக்காந்துகினு இருந்தே?”

“ஆமாங்க.”

“என் கையி மெதுவாம். ஆபீசுல சொல்லிட்டாங்க. இந்த வடையைக் கையில வச்சிக்கோ. கையை விரிச்சி வையி. நான் எடுக்க வர்றப்ப மூடிக்கோ.”

ஹபீப் சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் வடையை வைத்து நீட்டினான். அடுத்த கணம் அவன் வெறும் கையை மூடிக்கொண்டிருந்தான். வடை சிங்காரவேலுவின் வாயில் இருந்தது.

“இன்னொரு வடை வாங்கிக்கினு வரியா, இல்ல எழுதிக்கிறியா மெதுவுன்னு?”

கேண்டீனே சிரித்தது. இன்னும் இரண்டு வடை வாங்கினான். அந்த இரண்டும் போயின. சிங்காரவேலு கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, என் வூட்டுல ரெண்டு பொண்ணு கீது. நெலமும் இல்ல, இதுவும் இல்லன்னா நான் எங்க போவேன்?”

அன்றைக்கு ஜெயந்தி சாப்பாட்டை முடிக்கவில்லை.

மறுநாள் அது சாரிடம் போய், ஒரு நாள் மட்டும் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்காரட்டுமா என்று கேட்டது. வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு அனுமதித்தார். என் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டேன். நாலு பேரைப் பார்த்தது. இரண்டு டிரைவர்கள், இரண்டு பெல்ட் ஆட்கள். கடைசி ஆள் போனதும் என் பக்கம் திரும்பியது.

“அண்ணே, இவங்க ஏன் கையைத் தூக்குறாங்க?”

“யாரு?”

“பெல்ட்டுக்காரங்க. பஸ்ஸர் அடிச்சதும் விரலை எடுத்துட்டு, அப்புறம் திரும்ப வைக்கிறாங்களே. டிரைவருங்க எடுக்கல.”

எனக்குக் கேள்வியே புரியவில்லை. “பஸ்ஸர் அடிச்சா வேற எப்பிடிம்மா இருப்பாங்க?” என்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தது. எத்தனை வருஷமாக அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்! இமை மூடித் திறப்பதை யாரும் கவனிக்காததைப் போல, அதை நான் கவனித்ததே இல்லை.

“பெல்ட்டைப் பாக்கணும் அண்ணே” என்றது.

சார் கையெழுத்துப் போட்ட சீட்டோடு காலை ஷிப்டில் மைன்ஸ் பஸ்ஸில் இறங்கினோம். தலைக் கவசம் பெரிதாக இருந்ததால் ஜெயந்தி பின்னலைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டது. ஹபீபுக்கு அது மூக்கு வரை இறங்கியது. அப்போதுதான் வெட்டிய நிலக்கரி ஈர மரம் மாதிரி பழுப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “கரின்னாங்க, கறுப்பாவே இல்லியே!” என்று கையில் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் முன்னால் நடக்க, இரண்டு பேர் பின்னால் வந்தார்கள்.

பெல்ட் எதற்கோ நின்றிருந்தது. சிங்காரவேலுவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் குனிந்து உருளைக்கு அடியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், “இன்னா தம்பி, வடை கொண்டாந்தியா?” என்று சத்தம் போட்டார்.

அப்போது பெல்ட் கிளம்பப்போவதற்கான பஸ்ஸர் அடித்தது.

வரிசையாக மண்வெட்டிகள் விழுந்தன. அத்தனை பேரும் நிமிர்ந்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸர் ஓயும் வரை ஒருத்தரும் அசையவில்லை. கோயிலில் தீபாராதனை பார்க்கிற கூட்டம் மாதிரி இருந்தது.

“அண்ணே” என்றது ஜெயந்தி, மெதுவாக. அது அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. “உங்க கை.”

குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் என் நெஞ்சில் இருந்தன.

பிறகுதான் விளக்கினேன். என் விரல் போன அன்றைக்கு எங்கள் மேஸ்திரி போட்ட கட்டளை அது. ‘பஸ்ஸர் அடிச்சா கை நெஞ்சுல.’ நெஞ்சில் கை இல்லாதவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதற்குப் பிறகு அந்த பெல்ட்டில் இன்னொரு விரல் போகவில்லை. மற்ற பெல்ட்டுகளும் அதையே பிடித்துக்கொண்டன. ஆள் மாறினாலும், மேஸ்திரி மாறினாலும், பழக்கம் மாறவில்லை.

ஹபீப் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “யா அல்லா!” என்றான். “அப்போ எவன் ஒழுங்கா வேலை செய்றானோ, அவன்தான் நம்ம பெட்டியில தோக்குறான்.”

சிங்காரவேலு நடுவில் வந்தார். “நான் அதான் சோதனைன்னு நெனச்சேன் தம்பி. கையை எடுத்துட்டு எவ்ளோ சீக்கிரம் திரும்ப வைக்கிறான்னு பாக்குறாங்கன்னு.”

அன்று திரும்பும் பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வேகம் புரிந்தது. என்ன செய்வது, யாரை அழைப்பது, எதை எதோடு ஒப்பிடுவது! நானும் இரண்டு தடவை வாய் திறந்து, “கணக்குப் பிரிவு ஆளுங்க பஸ்ஸரைக் கேட்டதே இல்லை, அவங்களைக் கூப்பிடலாம்” என்றேன். ஜெயந்தி உடனே நோட்டில் எழுதிக்கொண்டது. நான் சொன்னதை ஒருத்தர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சார் முழுவதையும் கேட்டார். ஒரு பென்சிலை எடுத்து நிதானமாகச் சீவினார். “ஊகம் நல்லாருக்கு. ஊகத்தை நான் பதிவேட்டுல எழுத முடியாது. செஞ்சு காட்டுங்க. உங்க சொந்த நேரத்துல.”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செய்தோம். பெல்ட் ஆட்கள் பத்துப் பேர், கணக்குப் பிரிவு ஆட்கள் பத்துப் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை பஸ்ஸர் வைத்து, ஒரு தடவை பஸ்ஸரை நிறுத்திவிட்டு ஹபீப் வாயால் “தயார்” என்று சொல்லி. யாருக்கு எது முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். இல்லாவிட்டால் கை பழகிவிடுமாம். கணக்குப் பிரிவு ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பஸ்ஸர் அடித்தபோது பெல்ட் ஆட்களின் கை எழும்பியது. எழும்பக் கூடாது என்று சிலர் பல்லைக் கடித்தார்கள், அப்போது தோள் துள்ளியது. “தயார்” என்றபோதோ, கை பொத்தானைவிட்டு அசையவில்லை. முள்ளின் கணக்கில் அவர்கள் கணக்குப் பிரிவு ஆட்களையே முந்தினார்கள். ஹபீப் தட்டிக்கு மேலே தலையை நீட்டி எனக்குக் கண்ணடித்தான்.

அட்டவணை போட்டு சார் மேஜையில் வைத்தார்கள். சார் இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து போய்ப் பழைய பதிவேடு ஒன்றை எடுத்து வந்தார்.

“இது எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. இதே பெட்டி, இதே பல்பு. அப்பவும் பெல்ட் ஆளுங்க கையை நெஞ்சுல வெச்சவங்கதான். பாருங்க, நல்லாத் தேறியிருக்காங்க. பஸ்ஸர்தான் காரணம்னா, இவங்க எப்படித் தேறினாங்க?”

ஜெயந்தி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தது. ஹபீப் அதன் தோளுக்கு மேலே பார்த்தான்.

“அடுத்த திங்கக்கிழமை சிங்காரவேலுவுக்கு ரெண்டாவது வாய்ப்பு” என்றார் சார். “அதுக்குள்ள பதில் இருந்தா கொண்டு வாங்க. இல்லேன்னா இருக்குற முறைதான்.”

பதில் என்னிடம் இருந்தது.

பழைய அதிகாரி மாற்றலாகிப் போய், ராமநாதன் சார் வந்து சேர்வதற்கு இடையில் ஒரு மாதம் அந்த அறை என் பொறுப்பில் இருந்தது. அப்போது பெட்டிக்குள் பஸ்ஸர் கிடையாது. சின்ன மணி. ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஒரு நாள் நான் துடைக்கும்போது அது நின்றுபோனது. என்னால்தான் கெட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. பெல்ட்டில் தெரிந்த எலெக்ட்ரீஷியனைப் பிடித்து, பெல்ட் ஸ்டோரில் கிடந்த ஒரு பஸ்ஸரை வாங்கி உள்ளே வைத்தோம். சத்தம் காதைக் கிழித்தது. என் பழைய காக்கிச் சட்டையைக் கிழித்துச் சுற்றி அமுக்கினோம். புதிதாக வந்த சாருக்குப் பழைய மணி தெரியாது. இருப்பதே முறை என்று நினைத்துக்கொண்டார்.

அனுமதி இல்லாமல் பரிசோதனைப் பெட்டியைத் திறப்பது சின்னக் குற்றம் இல்லை. எனக்கு அந்த அறை வேலை கருணையில் வந்தது. அது போனால் திரும்ப மண்வெட்டிதான், இந்தக் கையோடு. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அட்டவணை குப்பைக்குப் போகும், பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள், சிங்காரவேலுவின் பெயரை அடித்துவிடுவார்கள். நான் பொத்தானைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

இரண்டு நாள் சாரின் வாசற்படி வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு, அவர் நின்றபடி கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அட்டவணையை வைத்துக்கொண்டு சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போய், “சார், அது வேற மணி சார்” என்றேன்.

“என்ன சொன்னீங்க?”

திரும்பச் சொல்ல வரவில்லை. மேஜையிலிருந்த திருப்புளியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவரே பெட்டியின் முதுகைத் திறந்தார். உள்ளே என் காக்கித் துணி. அதைப் பிரித்தார். பஸ்ஸர்மேல் பெல்ட் ஸ்டோரின் வெள்ளைப் பெயிண்ட் எண். பிறகு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மணி, எலெக்ட்ரீஷியன், சட்டை, பயம், எல்லாம். அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் நான் பேசியது கிடையாது.

சார் அந்தத் துணியை மடித்தார். இன்னும் சின்னதாக மடித்தார். “நீங்க மாட்டினது ஒரு மாசத்துக் குத்தம். அதை வெச்சு இத்தனை வருஷம் நான் அளந்தேன். ஒரு நாள் கூடத் தட்டியைத் தாண்டி வந்து பாக்கல. அது யார் குத்தம்?”

துணியை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க, ஏழுமலை” என்றார். அவர் எதிரில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அன்றே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். கருவியில் கோளாறு, நான் கவனிக்கத் தவறினேன் என்று தன் பெயரை எழுதினாரே ஒழிய என் பெயரை எழுதவில்லை. பிறகு நாலு பேரும் தரையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தோம். மணி மாறிய நாளிலிருந்து கை வேகத்தில் மட்டும் தவறிய பெல்ட் ஆட்களின் பெயர்களை ஜெயந்தி படிக்கப் படிக்க, ஹபீப் எழுதினான். மறு பரிசோதனைக்கு வரச் சொல்லி ஆளுக்கொரு கடிதம். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் சைக்கிளில் ஊர் ஊராக அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் என்னைக் கட்டிக்கொண்டார்கள். முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு வீட்டில் மனைவிதான் இருந்தார். “அவரு பம்பாய்க்குப் போயி மூணு வருசமாச்சிங்க. லெட்டரு போட்றதில்ல. இதை இப்ப கொண்டாந்து இன்னாங்க பண்றது?” என்று கேட்டார். கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அது இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

மாணவர்களே, இந்தச் சந்தோஷக் கதையில் இதையும் எழுத வேண்டாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். சாலை போடுகிற இடம், ஆஸ்பத்திரி வாசல், பஸ் டிப்போ, மில், எங்கே மனுஷன் இருக்கிறானோ அங்கெல்லாம் உங்களுக்கு வேலை இருக்கிறது. எண்ணைப் பெயர்த்தெழுதச் சொல்வார்கள், எழுதுங்கள். எழுதிவிட்டு, ஆள் உட்காருகிற பக்கம் ஒரு முக்காலி கேளுங்கள். ஒரு நாள் தாமதமாகக் கேட்டாலும் அதற்கு யாரோ ஒருத்தர் விலை கொடுக்கிறார்.

திங்கட்கிழமை வந்தது. பஸ்ஸரைக் கழற்றியாகிவிட்டது. புது மணிக்கு எழுதிப் போட்டிருந்தோம், வரவில்லை. ஜெயந்தியும் ஹபீபும் கதவோரம் நின்றார்கள். சிங்காரவேலு தலையை எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரல் பொத்தான்மேல். நான் அட்டையை எடுத்து வைத்துவிட்டு ஹபீபைப் பார்த்தேன்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாரின் குரல் வந்தது. “ஹபீப் அடுத்த வாரம் ஊருக்குப் போயிடுவார். இனிமே யார் இங்க இருப்பாங்களோ, அவங்கதான் சொல்லணும். ஏழுமலை, நீங்க சொல்லுங்க.”

உதட்டை அசைத்தேன். காற்றுதான் வந்தது. பல்பு எரிந்து அணைந்தது.

சிங்காரவேலு திரும்பிப் பார்த்தார். “இன்னாண்ணே, சொன்னியா?”

“எனக்கும் கேக்கல” என்றது தட்டி. “அது கணக்குல சேராது. மறுபடியும்.”

கதவோரம் ஹபீப் வாயைப் பொத்திக்கொண்டான். ஜெயந்தி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றது, தனக்கே தெரியாமல். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாகக் குரலும் வந்தது.

“தயார்!”

பக்கத்து அறைத் தட்டச்சு நின்றுபோகிற அளவுக்குக் கத்திவிட்டேன். ஆனால் அந்தக் கை எழும்பவில்லை. பொத்தான்மேலேயே இருந்தது. பல்பு எரிந்தது, விரல் இறங்கியது. எரிந்ததற்கும் இறங்கியதற்கும் நடுவே எனக்கு இடைவெளி தெரியவில்லை.

“தயார்.” மறுபடியும். “தயார்.” பத்துத் தடவை சொன்னேன். பத்தாவது தடவையும் பல்பு அணைந்தது. சிங்காரவேலு பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பென்சில் சத்தத்தின் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

‘சர்க்.’

ஒரே கோடு. பென்சிலை மேஜையில் வைக்கிற சத்தம்.

சட்டத்தை மறந்து, “அண்ணே, வடை வாங்கித் தாங்க” என்றேன் சிங்காரவேலுவிடம். தட்டி ஒன்றும் சொல்லவில்லை.

புது மணி நான் ஓய்வு பெறும் வரை வரவில்லை.

ஏழுமலை
நெய்வேலி
22 மே 1988, ஞாயிற்றுக்கிழமை